இடப்பக்கத்துப் படி

லாரிக்கு அடியில் சுமை தாங்கும் கமான் பட்டை வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். நான் ஆறாம் வகுப்பைத் தாண்டாதவன். பட்டையை எப்படிச் சுடுவது, எப்படி வளைப்பது, எத்தனை பட்டை சேர்த்தால் லாரி எவ்வளவு உயரும் என்பதையெல்லாம் நான் எழுதப் போவதில்லை. அது பட்டறையில் உங்கள் கைக்குத் தானாக வந்துவிடும். கைக்கு வராத ஒன்றைத்தான் சொல்லலாம் என்று இருக்கிறேன்.

நான் இந்தத் தொழிலுக்கு ஆசைப்பட்டு வந்தவன் இல்லை. வந்தவாசிப் பக்கத்திலிருந்து கிளம்பி, செங்கல் சூளை, கிணறு வெட்டு, கூடாரத்துக்கு முளையடிப்பது என்று எங்கெங்கோ சுற்றினேன். ஒரு நாள் டிக்கெட் இல்லாமல் ரயிலில் வந்து விழுப்புரத்தில் இறக்கிவிடப்பட்டேன். கையில் எதுவும் இல்லை. நடந்துகொண்டே வந்தபோது, திண்டிவனம் போகும் சாலையில் ஒரு பட்டறையில் இரண்டு பேர் ஒரு பட்டையைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டிருந்தார்கள். நான் போய் ஒரு முனையைப் பிடித்தேன். மதியம் சோறு போட்டார்கள். மறுநாளும் போனேன். அவ்வளவுதான் என் நியமனம்.

அந்தப் பட்டறை முதலாளி அதிகம் பேசமாட்டார். ஒருமுறை மணல் லாரி ஒன்று இடது பக்கம் சாய்கிறது என்று வந்தது. நான் இடது பக்கத்துக்கு ஒரு பட்டை சேர்த்தேன். போன லாரி, இப்போது வலது பக்கம் சாய்கிறது என்று திரும்பி வந்தது. பட்டறையில் நிறுத்திப் பார்த்தால் நேராகத்தான் நிற்கிறது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. முதலாளி ஒரு டின் தண்ணீரைக் கொண்டுவந்து பட்டறைத் தரையில் ஊற்றினார். தண்ணீர் மொத்தமும் இடது பக்கம் ஓடியது.

"லாரிக்குக் கட்டுனது போதும். இனிமே தரைக்குப் பட்டை கட்டு" என்று என்னை ஒரு பார்வை பார்த்துச் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

வண்டி எதன்மேல் நிற்கிறது என்று பார்க்க அன்றைக்குக் கற்றுக்கொண்டேன். வண்டிமேல் யார் ஏறுகிறார்கள் என்று பார்க்க இன்னொரு சமயம் வர வேண்டியிருந்தது.

எண்பதுகளின் நடுவில், ஒரு கரும்பு வெட்டுப் பருவம். திருவெண்ணெய்நல்லூர் பக்கத்திலிருந்து ஒரு அம்மா தன் லாரியோடு வந்தார். பெயர் ராஜலட்சுமி. கணவர் இறந்தபின் நிலத்தையும் லாரியையும் அவரே பார்த்துக்கொண்டார். ஓட்டி வந்தவர் காசிம் பாய். கோட்டக்குப்பத்துக்காரர். அந்த வீட்டு லாரியை, அம்மாவின் கணவர் காலத்திலிருந்து ஓட்டுகிறவர். நரைத்த தாடி, சட்டைக் காலரில் மடித்து வைத்த கைக்குட்டை.

"மேஸ்திரி, எங்க கழனிக்குப் போற வழியில வாய்க்கா வரப்பு ஒண்ணு இருக்குது. லோடு ஏத்திக்கினு வந்தா அடியில இடிக்குது. முன்னாடியும் பின்னாடியும் ஒசத்திக் குடுங்க" என்றார் அம்மா.

"எவ்ளோம்மா ஒசத்தணும்?"

"வரப்பு இடிக்காத அளவுக்கு."

பாய் வாயில் வெற்றிலையோடு வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் இரண்டு பக்கமும் ஒரே சீராக உயர்த்திக் கொடுத்தேன். நல்ல வேலை. இன்றைக்கும் அதில் ஒரு குறை சொல்லமாட்டேன்.

சில நாட்களில் பாய் தனியாக வந்தார். லாரியைப் பட்டறைக்கு முன்னால் நிறுத்தி, இறங்காமல் ஜன்னல் வழியாகவே கூப்பிட்டார்.

"மேஸ்திரி! முன்னாடி கீழ எறக்கு. ஜல்தி."

"ஏன் பாய்? இன்னா பண்ணுது?"

"குதிக்குது."

சுற்றிவந்து பார்த்தேன். அளந்தேன். ஒன்றும் இல்லை. முன்பக்கத்தின் மேல் ஏறி நின்று குதித்துப் பார்த்தேன்.

"எங்க பாய் குதிக்குது? நான்தான் குதிக்கிறேன்."

"ஓட்டுறவன் நானா நீயா? பின்னாடி இருக்கட்டும், அதான் வரப்புல இடிக்கிறது. முன்னாடி மட்டும் பழையபடி எறக்கு. இல்ல, பழையதுக்கும் இன்னும் கொஞ்சம் கீழ எறக்கு."

முதலாளி அன்றைக்கு ஒரு கல்யாணத்துக்கு வெளியூர் போயிருந்தார். பட்டறை என் பொறுப்பில் இருந்தது. வெட்டின கரும்பு கழனியில் கிடக்கிறது, மறுநாள் காலையில் ஏற்றுகிற ஆட்கள் வந்துவிடுவார்கள், கிடந்தால் காய்ந்து எடை போய்விடும் என்று பாய் அவசரப்படுத்தினார். அதெல்லாம் உண்மைதான். பின்பக்கம் தூக்கி, முன்பக்கம் தாழ்ந்தால் வண்டி எப்படி நடந்துகொள்ளும் என்று எனக்குத் தெரியும். திருப்பின ஸ்டியரிங் தானாகத் திரும்பி வராது. நேரான சாலையிலும் வண்டி அலையும். பிரேக் போட்டால் மூக்கு தரையைப் பார்க்கும். சொன்னேன்.

"பிரசங்கம் பண்ணாத. நான் லாரி ஓட்டக் கத்துக்கினப்ப நீ எங்க இருந்த?"

"அம்மா வயித்துல இருந்திருப்பேன் பாய்."

"அங்கியே இருந்திருக்கலாம்."

இருந்தாலும் நான் செய்தேன். எங்கள் பட்டறையில் ஒரு பழக்கம் உண்டு. உயரம் மாற்றின வண்டியில், மாற்றினவனே முதலில் ஏறிப் போகவேண்டும். கெட்டது நடந்தால் அவனுக்கும் சேர்த்து நடக்கட்டும் என்பது முதலாளியின் கணக்கு. அதனால் முன்பக்கத்தில் பட்டைகளைக் கழற்றி இறக்கிவிட்டு, கொஞ்சம் மணல் மூட்டை ஏற்றிக்கொண்டு, பாய் பக்கத்தில் நான் உட்கார்ந்தேன். திண்டிவனம் வரை போய்த் திரும்பலாம் என்று கிளம்பினோம். ஓட்டிப் பார்த்தால் அவரே வேண்டாம் என்று சொல்லிவிடுவார் என்று நினைத்தேன்.

அவர் சொல்லவில்லை. வண்டி அலைந்தது. ஸ்டியரிங்கை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பிடித்திழுத்துக்கொண்டே வந்தார். நெற்றியில் வியர்வை. "இப்பதான் நல்லா இருக்குது" என்றார்.

மயிலம் கூட்டுரோட்டில் டீ குடிக்க நிறுத்தினோம். நான் இறங்கினேன். அவர் இறங்கவில்லை. "இங்கியே குடு" என்று ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினார். மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, வேகவைத்தது ஒரு பொட்டலம் வாங்கிக் கொடுத்தேன். அதையும் உள்ளேயே உட்கார்ந்து தின்றார். டீக்கடைக்காரர் தெரிந்தவர் போலிருக்கிறது. "இன்னா பாய், ராஜா மாதிரி மேலியே உக்காந்துக்கினு இருக்கீங்க? கீழ வந்தா தீட்டா?" என்றார்.

"ராஜா எறங்கனா ராஜ்ஜியம் போயிடும்டா" என்றார் பாய். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

திண்டிவனத்துக்கு முன்னால், பால் கேன் கட்டின சைக்கிள் ஒன்று திடீரென்று குறுக்கே திரும்பியது. பாய் பிரேக்கை மிதித்தார். முன்பக்கம் அப்படியே குனிந்தது. அடியில் இரும்போடு இரும்பு மோதும் சத்தம் கேட்டது. டயர் மட்கார்டில் உரசிக் கத்தியது. வண்டி இடது பக்கம் இழுத்துக்கொண்டு போய்ப் புளியமரத்துக்குக் கொஞ்சம் முன்னால் நின்றது.

"கண்ண பொட்டியில வச்சிட்டு ஓட்டுறியா?" என்று கத்தினார் பால்காரர்.

"பிரேக்க கால்ல வச்சிருந்ததால பொழச்ச, போய்யா" என்றார் பாய்.

நான் அந்த நேரத்திலும் ஒன்றைக் கவனித்தேன். அவர் கால் தாமதிக்கவில்லை. சைக்கிளை நான் பார்த்து முடிப்பதற்குள் அவர் கால் பிரேக்கில் இருந்தது. தவறியது வண்டி, ஓட்டினவர் இல்லை.

இறங்கிப்போய் டயரைப் பார்த்தேன். ரப்பர் சீவினதுபோல் உரிந்திருந்தது.

"பாய், எறங்கி வந்து பாருங்க."

"நீ பாத்தா போதாதா?"

"போதாது. நீங்க பாக்கணும்."

பிறகு கதவு திறந்தது. அவர் பின்பக்கமாகத் திரும்பி, இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துத் தொங்கினார். ஒரு காலை நீட்டித் தரையைத் தேடினார். வலது முட்டி மடங்க மறுத்தது. கால் தரையைத் தொட்டதும் கண்களை மூடி, பல்லைக் கடித்துக்கொண்டு, நெற்றியைக் கதவில் வைத்து நின்றார். இத்தனைக்கும் முன்பக்கம் இறக்கின வண்டி அது. நான் உயர்த்திக் கொடுத்த வண்டியில் அவர் எப்படி ஏறினார், எப்படி இறங்கினார் என்று நினைத்துப் பார்த்தேன்.

குதித்தது எது என்று அப்போதுதான் புரிந்தது. வண்டி இல்லை, அவர்தான் ஒவ்வொரு முறையும் குதிக்க வேண்டியிருந்தது.

அவர் டயரைப் பார்த்தார். நான் அவர் முகத்தைப் பார்க்காமல் புளியமரத்தைப் பார்த்தேன்.

"எவ்ளோ நாளா பாய்?"

"எது?"

"முட்டி."

"நீ பட்டைய பாரு. முட்டிய பாக்க வேற ஆளு இருக்குது."

பிறகு அவரே சொன்னார். "உக்காந்துட்டா ஒண்ணும் இல்ல மேஸ்திரி. பெடல் மிதிக்க வலியே கெடையாது. ஒடம்பத் தூக்கத்தான் ஒத்துக்கல."

"அம்மாவாண்ட சொல்லலாமே?"

"சொன்னா, 'நீங்க இத்தினி வருஷம் ஒழச்சது போதும், வூட்டுல உக்காருங்க பாய்'னும். நல்ல மனசோடதான் சொல்லும். அதான் பேஜாரு. திட்டி அனுப்புனா சண்ட போட்டுட்டுத் திரும்பி வந்து உக்காந்துக்கலாம். நல்ல மனசோட சொன்னா இன்னா பண்ணுவ?" அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "என் தம்பிங்க ரெண்டு பேரும் துபாய்ல இருக்கானுங்க. சோத்துக்குக் கொற இல்ல. வூட்டுல உக்காந்து கூரையப் பாத்துக்கினு எவ்ளோ நேரம்தான் துன்றது?"

திரும்பும்போது வண்டியை மெதுவாக, ஆமைபோல் ஓட்டி வந்தார். நான் அவர் காலையே பார்த்துக்கொண்டு வந்தேன். இதை நீங்கள் நன்றாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். இரக்கப்பட்டு, ஓட்டக்கூடாத ஒருவரைச் சாலையில் விட்டுவிடக்கூடாது. அவர் கால் ஒரே ஒரு முறை தயங்கியிருந்தாலும் நான் அம்மாவிடம் சொல்லியிருப்பேன். அது தயங்கவில்லை. வேண்டுமென்றே இரண்டு இடத்தில் "பாய், பிரேக்கு!" என்று கத்தினேன். இரண்டு முறையும் என் தலைதான் கண்ணாடிப் பக்கம் போனது. "பைத்தியமாடா நீ?" என்றார்.

பட்டறைக்கு வந்ததும் முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, கழற்றின பட்டைகளை எடுத்துவைத்தேன்.

"இன்னா பண்ற?"

"பழையபடி ஒசத்துறேன். இப்புடி அனுப்பமாட்டேன் பாய். வேற பட்டறைக்குப் போனாலும் சரி."

"அப்ப நான்?"

"கதவுக்குக் கீழ ஒரு படி வச்சுத் தர்றேன். ஏணி மாதிரி ஏறிக்கலாம்."

அவர் முகம் மாறியது. "கரும்பு ஏத்துற பசங்க என்னிய சும்மா வுடுவானுங்களா? கெழவனுக்குப் படி கட்டியிருக்குதுடான்னு ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பானுங்க. அந்தச் சேதி அம்மா காதுக்குப் போவ ஒரு வேளை ஆவுமா? படி வேணாம்."

"படி இல்லாம எப்புடி?"

"வேணாம்னா வேணாம்."

அவர் போய் ஒரு பழைய டயர்மேல் உட்கார்ந்துவிட்டார். எனக்குக் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. வண்டி ஜாக்கியில் நிற்கிறது. கரும்பு கழனியில் காய்கிறது. பட்டைகளைத் திருப்பிக் கட்டினால் அவர் ஏற முடியாது. கட்டாவிட்டால் அடுத்த சைக்கிள்காரர் தப்பமாட்டார். முதலாளி இருந்தால் கேட்டிருக்கலாம். இல்லை. பட்டைகளைக் கட்டத் தொடங்கினேன். அது ஒன்றுதான் எனக்கு நிச்சயமாகத் தெரிந்த சரி.

பாதி வேலையில் ராஜலட்சுமி அம்மா பஸ்ஸில் வந்து இறங்கினார். கையில் ஒரு மஞ்சள் பை, முகமெல்லாம் வெயில்.

"பட்டறைக்குன்னு காலையில போன வண்டிய இன்னும் காணோம்னு வந்தேன். இன்னா ஆச்சு வண்டிக்கு?"

அவர் என்னைத்தான் கேட்டார். பாய் டயரிலிருந்து எழுந்து நின்றார். எழுந்திருக்கும்போது என் ஜாக்கிக் கம்பியை ஊன்றிக்கொண்டார். அவர் கண் என் வாயையே பார்த்தது. ஒரு பொய்யைத் தேடினேன். எனக்குப் பொய் வராது என்றில்லை, சுற்றித் திரிந்த காலத்தில் பொய்யால்தான் பாதி நாள் சாப்பிட்டேன். ஆனால் அன்றைக்கு ஒன்றும் வாயில் வரவில்லை.

"முன்னாடி... கொஞ்சம் சரி பண்ண வேண்டி இருந்துச்சும்மா" என்றேன்.

"எல்லாம் உங்களாலதான்" என்றார் அம்மா. "நீங்க ஒசத்திக் குடுத்ததுலேருந்து பாய் கீழ எறங்கிச் சோறு கூட துன்றதில்ல. சட்டிய மேல வாங்கிக்கினு அங்கியே துன்றாரு. வண்டி மேல அவ்ளோ ஆச."

அம்மா லாரியைச் சுற்றி நடந்தார். இடப்பக்கம், கிளீனர் ஏறும் கதவருகே நின்று, அண்ணாந்து பார்த்தார்.

"மேஸ்திரி, நான் ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். இவ்ளோ ஒசரத்துல பொடவ கட்டிக்கினு நான் எப்புடி ஏறுறது? இந்த வருஷம் சக்கர மில்லுக்கு நானும் லோடு கூட போய் வரலாம்னு இருக்கேன். எனக்கு ஒரு படி வச்சுக் குடுங்க."

நான் பாயைப் பார்த்தேன். பாய் தரையைப் பார்த்தார்.

"இந்தப் பக்கம்தானேம்மா?" என்று கேட்டேன். வேண்டுமென்றே கேட்டேன் என்று சொல்லமுடியாது. வாயில் வந்துவிட்டது.

"ரெண்டு பக்கமும் வைங்க. ஒரு பக்கம் மட்டும் வச்சா ஒத்தக் கம்மல் போட்டாப்புல இருக்கும். ஊருல சிரிப்பாங்க."

"அந்தப் பக்கம் எதுக்கும்மா, தேவையில்லாம?" என்றார் பாய். மெதுவாகத்தான் சொன்னார்.

"ஏன் பாய், என் வண்டிக்கு ரெண்டு கம்மல் போட எனக்கு உரிம இல்லியா?"

"வச்சுடு மேஸ்திரி" என்றார் பாய். "அம்மா சொல்லுதுல்ல."

படி வைப்பதிலும் ஒரு சிக்கல் இருந்தது. வரப்பில் இடிக்கக்கூடாது என்றுதானே வண்டியை உயர்த்தினோம்? கீழே இரும்புப் படியை நீட்டிவிட்டால் முதல் நாளே வரப்பு அதைப் பிடுங்கிவிடும். பழைய லாரி டயரில் பட்டையாக வார் அறுத்து, அதில் இரும்புப் படியைத் தொங்கவிட்டேன். மிதித்தால் ஆடாத அளவுக்குக் கெட்டி. வரப்பில் பட்டால் மடங்கிக்கொள்ளும். இரண்டுக்கும் சிவப்புப் பெயின்ட் அடித்தேன். உயரத்தை எந்தக் காலுக்காக வைக்கிறேன் என்று தெரிந்துகொண்டு வைத்தேன்.

பெயின்ட் காய்ந்ததும் அம்மா இடப்பக்கம் போய், புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து, எல்லோரும் பார்க்கும்படி படியில் ஏறி உட்கார்ந்தார். "ஆங், இப்பதான் சரியா இருக்குது. பாய், வாங்க, ஏறுங்க. கரும்பு காயுது." பாய் ஓட்டுநர் பக்கம் வந்தார். இடது காலைப் படியில் வைத்தார். வலது காலை இழுத்துக்கொண்டார். உட்கார்ந்துவிட்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. வண்டி நேராக, அலையாமல் சாலையில் ஏறியது.

முதலாளி கல்யாணத்திலிருந்து வந்ததும் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்தம்மாவுக்கு யாரு சொன்னது?" என்றார்.

"யாரும் சொல்லலிங்க. தற்செயலா கேட்டாங்க."

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். தரையில் தண்ணீர் ஊற்றினபோது பார்த்த அதே பார்வை. டீ குடிக்கப் போய்விட்டார்.

பருவம் முடிந்து லாரி பட்டை பார்க்க வந்தது. நான் வழக்கம்போல் சுற்றிவந்தேன். ஓட்டுநர் பக்கத்துப் படியில் பெயின்ட் சுத்தமாகத் தேய்ந்து, இரும்பு வெள்ளையாகப் பளபளத்தது. மறுபக்கம் போனேன். அந்தப் படியில் நான் அடித்த சிவப்பு அப்படியே இருந்தது. காய்ந்த கரும்புச் சோகை ஒன்று அதில் சிக்கி, எடுக்க ஆளில்லாமல் கிடந்தது.

"பாய், அம்மா மில்லுக்கு வர்றதில்லியா?"

பாய் மெதுவாக, படியில் கால் வைத்து, தானாகவே இறங்கி வந்தார்.

"அம்மாவா? அதுக்கு லாரியில ஏறுனாலே கொமட்டும் மேஸ்திரி. கட்டிக்கினு வந்த நாள்லேருந்தே அப்புடித்தான். அன்னிக்கு இங்கேருந்து போனப்ப கூட, எல்லக் கல்லு தாண்டுனதும் நிறுத்தச் சொல்லி எறங்கி, பஸ்ஸுல வந்துச்சு. மில்லுக்கும் பஸ்ஸுலதான் போவுது, வருது."

நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. காலரிலிருந்து கைக்குட்டையை எடுத்து, குனிந்தார். முட்டிக்கு வலித்திருக்கும். கரும்புச் சோகையை எடுத்துப் போட்டுவிட்டு, அன்றைக்குப் பிறகு யாரும் மிதிக்காத அந்தப் படியைத் துடைத்தார்.

"ஒரு கை பெயின்ட் அடிச்சுடு" என்றார்.

"அந்தப் பக்கத்துப் படிதானே தேஞ்சிருக்குது பாய்?"

"அது கெடக்கட்டும். இது அம்மாவோட படி."

அதன்பின் நான் திண்டிவனத்தில் தனியாகப் பட்டறை போட்டேன். பாய் அங்கேயும் தேடி வந்தார். லாரியை ஓட்டின கடைசி வருஷம் வரைக்கும், ஒவ்வொரு பருவத்துக்கும் முன்னால் வந்து நிற்பார். பட்டையைப் பார்க்கச் சொல்வார். பிறகு இடப்பக்கம் போய், அந்தப் படிக்குச் சிவப்பு அடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றிருப்பார்.